அப்பா நிமிரும்வரை வெட்டாதீர்கள்

"பாட்டு வீடியோ எடுக்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம்" என்று போன இதழில் ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இத்தனை பேர் ஆல்பம் பாட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைத்தவன், அப்புறம்தான் பாட்டுப் பக்கம் வந்தேன், அதனால் பதில்களில் பந்தல் வாசனை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, தக்காளி மண்டிக்குச் சரக்கு கொண்டுவரும் ஒரு அப்பாவைப் பற்றி நாங்களே எழுதி, மெட்டுப் போட்டு, நாலு நிமிடப் பாட்டு எடுத்தோம். பீட் தவறாமல் கட் பண்ணியிருக்கிறோம். பார்த்தவர்கள் எல்லோரும் 'சூப்பர்' என்கிறார்கள். எந்த ஷாட் பிடித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கே தப்பு?

தம்பி, நீங்கள் அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். உங்கள் பாட்டின் வேகம் 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 தட்டு. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம் வரும், நாலு நிமிடத்துக்கு 384 தட்டு. நீங்கள் ஏறக்குறைய இரண்டு தட்டுக்கு ஒரு கட் வைத்திருக்கிறீர்கள். ஒரு ஷாட்டுக்கு ஒன்றேகால் நொடி. அந்த நேரத்தில் கண் என்ன செய்யும் என்றால், 'மண்டி', 'பெட்டி', 'லாரி', 'அப்பா' என்று பொருளுக்குப் பெயர் மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று கேட்க அதற்கு நேரமே இல்லை. தவிர, தாளத்தைச் சொல்ல ஏற்கெனவே பம்பை இருக்கிறது. பம்பைக்காரர் அடிப்பதையே படத்தாலும் கூடவே அடித்தால் பாட்டில் புதிதாக என்ன சேர்ந்தது?

உங்கள் வீடியோவிலேயே ஒரு நல்ல ஷாட் இருக்கிறது, அதை நீங்களே கொன்றிருக்கிறீர்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால், இடையிசையில், அப்பா கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு ரூபாய் நோட்டை எண்ணுகிறார். பாதியில் நிறுத்துகிறார். மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறார். அங்கே ஒரு தட்டு விழுந்தது, நீங்கள் ட்ரோன் ஷாட்டுக்குப் போய்விட்டீர்கள். அந்த மனிதர் ஏன் இரண்டாம் தடவை எண்ணுகிறார்? கணக்கு குறைகிறது, இதைவிடக் கூடுதலாக வரும் என்று நினைத்து வந்திருக்கிறார். உங்கள் கவிஞர் நண்பர் பதினாறு வரியில் சொல்ல வந்ததை அந்தக் கட்டைவிரல் சொல்லிவிட்டது.

மூல புட்டேஜை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது முறை எண்ணி முடித்ததும் அவர் எப்படியும் தலையைத் தூக்கி யாரையோ பார்த்திருப்பார். அந்தப் பார்வை வரைக்கும் ஷாட்டை விடுங்கள், தட்டு எத்தனை போனாலும் போகட்டும். கண் நிமிர்ந்த அந்த இடத்தில் வெட்டுங்கள். அடுத்து என்ன வைக்கிறீர்களோ, அதைத்தான் அவர் பார்க்கிறார் என்று ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள். மண்டிக்காரர் முகம் வந்தால் அது சண்டைப் பாட்டு. கல்லூரிப் பையோடு வாசலில் நிற்கும் மகன் வந்தால் அது கடன் பாட்டு. காலியாக நிற்கும் வண்டி வந்தால் இனி வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்கிற பாட்டு. எண்ணும் ஷாட் மூன்றிலும் ஒன்றுதான், ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை.

எடிட்டில் உட்காரும்போது ஒன்று செய்து பாருங்கள். பாட்டை மியூட் செய்துவிட்டுப் படத்தை மட்டும் ஒரு தரம் கோத்துவிடுங்கள். எங்கே பார்வை மாறுகிறதோ, எங்கே கை ஒரு காரியத்தை முடிக்கிறதோ, அங்கே வெட்டு. அப்புறம் பாட்டைத் திறந்து, தாளத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும் வெட்டுகளை மட்டும் மூன்று நாலு ஃபிரேம் தள்ளிப் பொருத்துங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். கடைசிப் பல்லவியில் நாலே நாலு கட் டக் டக்கென்று பீட்டில் வைத்தால் போதும், அதுவரை அப்படிச் செய்யாததால் அது உறைக்கும்.

நானும் பல வருடம் இதே தப்பைச் செய்தவன்தான். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்கு ஏற்றாற்போலப் பன்னிரண்டு கட் போட்டு ஒரு கல்யாண வீடியோ கொடுத்தேன், எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்து, "முடிச்சு போடறது எங்க தம்பி?" என்று கேட்டார். அட்சதை பறந்தது, நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியது, விளக்கு எரிந்தது, எல்லாம் இருந்தது. முடிச்சு விழுந்த ஒரு நொடி மட்டும் இரண்டு கட்டுக்கு நடுவே எங்கோ போயிருந்தது.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு மாணவி: சார், எங்கள் ஹீரோ வகுப்புத் தோழன். சோகப் பாட்டு. அழச் சொன்னால் அவனுக்கும் சிரிப்பு வருகிறது, எங்களுக்கும் சிரிப்பு வருகிறது. கிளிசரின் போட்டும் பார்த்தாகிவிட்டது.

கிளிசரினைத் தூக்கிப் போடுங்கள். அவரை அழச் சொல்லாதீர்கள், சும்மா பார்க்கச் சொல்லுங்கள். சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் இதை வைத்து விளையாடிப் பார்த்திருக்கிறார். இவான் மொசூகின் என்ற நடிகரின் எந்த உணர்ச்சியும் இல்லாத முகத்தை எடுத்து, ஒரு தரம் சூப் தட்டோடு ஒட்டினார், ஒரு தரம் சவப்பெட்டியோடு, இன்னொரு தரம் பொம்மையோடு விளையாடும் சிறுமியோடு. முகம் ஒரே துண்டு ஃபிலிம்தான். பார்த்தவர்கள் என்னடாவென்றால், சவப்பெட்டியைப் பார்க்கும்போது என்ன துக்கம், குழந்தையைப் பார்க்கும்போது என்ன கனிவு என்று அவர் நடிப்பைப் பாராட்டினார்களாம். குலெஷோவோடு வேலை செய்த புதோவ்கின் என்ற இயக்குநர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

உங்கள் தோழனை ஊத்தங்கரையில் ஏதாவது டீக்கடை பெஞ்சில் உட்கார வையுங்கள். லென்ஸைப் பார்க்கக் கூடாது, லென்ஸுக்கு ஒரு சாண் இடப்பக்கம், கொஞ்சம் கீழே பார்க்கட்டும். எதிர்க் கடை போர்டில் எத்தனை எழுத்து என்று மனசுக்குள் எண்ணச் சொல்லுங்கள், அவ்வளவுதான் நடிப்பு. மூன்று நொடி அந்த முகம். அடுத்து, பெஞ்சில் இரண்டு டீ கிளாஸ். ஒன்று காலி, இன்னொன்றில் யாரும் தொடாத டீமேல் ஆடை படிந்திருக்கிறது. அவர் பார்க்கும் கோணத்திலேயே, மேலிருந்து எடுங்கள். இரண்டு நொடி. அப்புறம் அதே முகம், இந்த முறை நாலு நொடி. டீ ஆறுகிற நேரம் வரைக்கும் அவன் காத்திருந்தான் என்பதைப் பாட்டில் எழுத வேண்டியதில்லை. ஆடை படிய நிஜமாகவே நேரமாகும், படப்பிடிப்புக்கு முன்னாலேயே ஊற்றி வைத்துவிடுங்கள். இதை மறந்து நாங்கள் அரை மணி நேரம் டீயை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் காதல் பாட்டில் ஒகேனக்கல் ட்ரோன் ஷாட் மட்டும் பதினொன்று. பணம் போட்டவர் இன்னும் இரண்டு கேட்கிறார். எத்தனை வைக்கலாம்?

ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு. ட்ரோன் 'எங்கே' என்பதைச் சொல்லும், 'யாருக்கு' என்பதைச் சொல்லாது. அவ்வளவு உயரத்தில் காதலனும் எறும்பு, காதலியும் எறும்பு. தவிர, நேர் மேலே இருந்து எடுத்தால் அருவியின் உயரமே காணாமல் போய்விடுகிறது, கவனித்தீர்களா? பாறைமேல் யாரோ சுண்ணாம்புத் தண்ணியைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

கீழே இறங்கிப் பரிசலில் உட்காருங்கள். கேமராவையும் பரிசலுக்குள்ளேயே, அந்தப் பெண்ணுக்கு எதிரில் வையுங்கள். பரிசல்காரர் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டால் பரிசல் தட்டாமாலை சுற்றும். அவள் முகம் ஃபிரேமில் அசையாமல் நிற்கும், பின்னால் பாறையும் அருவியும் வானமும் சுழலும். காதலில் தலை சுற்றுகிறது என்று காட்ட எடிட்டில் ஏதேதோ எஃபெக்ட் போடுவார்களே, அதைப் பரிசல்காரர் துடுப்பாலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறார். லைஃப் ஜாக்கெட் உடையைக் கெடுக்கிறது என்று கழற்றச் சொல்லாதீர்கள், உயிர் விஷயம். அதையே ஷாட்டாக எடுங்கள். அவள் ஜாக்கெட்டில் தளர்ந்திருக்கும் வாரை அவன் இழுத்து இறுக்குகிறான், விரல் மட்டும் க்ளோசப். பதினொரு ட்ரோன் சொல்லாத காதல் அதில் இருக்கும். ஒன்று மட்டும், காவிரியில் தண்ணீர் வரத்து ஏறினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள், தேதி குறிக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர்: ரீல்ஸுக்காக வீடியோவை நட்டக்குத்தலாக வெட்டினால் ஆட்கள் பாதி போய்விடுகிறார்கள். வழி?

வெட்டாதீர்கள், தனியாக எடுங்கள். படுத்த ஃபிரேமில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். நின்ற ஃபிரேமில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்தான் நிற்க முடியும், அப்போது யார் முன்னால் என்பதே ஒரு சேதி ஆகிவிடும்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: என் அப்பா பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். திரைக்குப் பின்னால் நின்று பாடி வருவாரே, அந்தப் பாட்டை மட்டும் ஒரு வீடியோவாக எடுக்க ஆசை. கேமராவை எங்கே வைப்பது?

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். க்ளோசப்பை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்று கூத்துக்காரர்கள் நமக்குப் பாடமே எடுக்கலாம். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் துரியோதனன் நிற்கிறான், பாடுகிறான், ஆடுகிறான். நமக்குத் தெரிவது மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால். ஊரே அந்த முகத்துக்காகக் காத்திருக்கிறது, துணி இறங்குகிற மாதிரி தெரியவில்லை. இதைவிடப் பெரிய எடிட்டிங் என்ன வேண்டும்?

அதனால் முதல் விதி, திரை விலகும் வரை அப்பா முகத்தைக் காட்டாதீர்கள், தம்ப்நெயிலில்கூட. கேமராவைத் தரையில், திரைக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். புழுதி, சலங்கை, துணியின் ஓரம், இவ்வளவுதான் ஃபிரேம். கால் அடிக்கிற வரை வெட்ட வேண்டாம். ஒரு இடத்தில் கால் நின்று குரல் மட்டும் நீளும், அங்கே வெட்டித் திரையைப் பிடித்திருக்கும் ஆளின் விரல்களுக்குப் போங்கள். அந்த விரல்கள் கட்டளைக்குக் காத்திருக்கும், பார்ப்பவனும் அவற்றோடு சேர்ந்து காத்திருப்பான். அப்புறம் ஒரே ஒரு ஷாட் திரைக்கு உள்பக்கமிருந்து. அப்பாவின் பிடரி, வியர்வை, தோளில் கட்டிய கட்டையின் கயிறு, அதற்கு முன்னால் வெளிச்சம் பட்ட துணி. கூட்டத்துக்கு ஒருநாளும் கிடைக்காத இடம் அது, மகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.

திரை இறங்கும்போது எல்லோருக்கும் கை அரிக்கும், முகத்துக்குப் பாய வேண்டும் என்று. பாயாதீர்கள். ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து, அவர்கள் தலைகள் முன்னால் தெரிய, வைடு ஷாட். பத்து நொடி கட்டே இல்லை. அவர் சுற்றிச் சுழலும்போது ஃபிரேமை விட்டு வெளியே போனாலும் போகட்டும், கேமரா பின்னாலேயே ஓட வேண்டாம், அவராகத் திரும்பி வருவார். அடுத்த கட் எங்கே என்பதைக் கூத்தே சொல்லும். அவர் பாடிய கடைசி வரியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள் இல்லையா, அந்த இடத்தில் ஆர்மோனியத்துக்கும் முகவீணைக்கும் போங்கள். வேஷக்காரர் மூச்சு வாங்குகிற இடம் அது, கேமராவும் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். முகத்தின் க்ளோசப்பை அதற்கும் அப்புறம் கொடுங்கள்.

இரண்டு சின்ன விஷயம். அவர்கள் வழக்கமாகப் போடும் விளக்கையே வைத்துக்கொள்ளுங்கள், கலர் லைட் சுற்ற வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் டியூப் லைட் வெளிச்சம் படத்தில் பெரும்பாலும் துடிக்காது. அப்புறம் படுகளத்தன்று, அதாவது துரியோதனன் வீழும் நாளன்று, எடுக்க வேண்டாம். அன்றைக்கு அவர் உங்கள் அப்பாவாக இருப்பதைவிடத் திரௌபதி அம்மன் கோயிலுக்கு உரியவர்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர்: மாந்தோப்பில் ஸ்லோ மோஷனில் ஹீரோ பாடுகிறார். வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். சரி செய்ய முடியுமா?

எடுத்த பிறகு முடியாது. எடுக்கும்போதே பாட்டை வேகமாக ஓட விட்டிருக்க வேண்டும். 60 ஃபிரேமில் எடுத்து 30 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் படம் பாதி வேகத்துக்கு இறங்கும், அதனால் ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் விட்டு, நடிகர் அதற்கு வாயசைக்க வேண்டும். அதே 60-ஐ 24-இல் போட்டால் இரண்டரை மடங்கு, மனுஷன் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கேமராவில் 36 ஃபிரேம் வைக்க வசதி இருந்தால் 24 டைம்லைனுக்கு ஒன்றரை மடங்கு போதும், அதுதான் நாகரிகமான வேகம். வேகப்படுத்திய பாட்டை முன்கூட்டியே ஃபைலாகப் போட்டு நடிகருக்கு அனுப்பிவிடுங்கள், இரண்டு நாள் பழகட்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் ஸ்லோ ஷாட்டில் பாடவே வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நடக்கட்டும், பாட்டு அவன் மனசுக்குள் ஓடுவதாக ஆகிவிடும். இன்னொன்றும் உறுத்தியது. கூடையிலிருந்து மாங்காய் உருள்வதும் ஸ்லோ, அண்ணன் தம்பியின் கையை உதறுவதும் ஸ்லோ. இரண்டுக்கும் ஒரே எடை போட்டுவிட்டீர்கள். மாங்காயைச் சாதாரண வேகத்தில் உருள விடுங்கள், கை உதறுவதற்கு மட்டும் மெதுவை வைத்துக்கொள்ளுங்கள்.

அரூரிலிருந்து ஓர் ஆசிரியர்: ஐயா, பார்க்கிறவனுக்கு கட் என்றால் என்ன என்றே தெரியாது. பாட்டு நன்றாக இருந்தால் பார்ப்பான். நீங்கள்தான் சும்மா பெரிதுபடுத்துகிறீர்கள்.

ஐயா, வணக்கம். தெரியாதுதான், பயமே அதில்தான் இருக்கிறது. வேலைக்காக ஊரை விட்டுப் போகும் பையனைப் பற்றி ஒரு பாட்டு எடுத்தோம். கடைசியில் அவன் ஏறிய பெங்களூரு பஸ் நெடுஞ்சாலையில் போக வேண்டும். முதல் ஷாட்டைச் சாலையின் இந்தப் பக்கம் நின்று எடுத்தோம், பஸ் இடமிருந்து வலமாகப் போனது. வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்று சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய் அடுத்த ஷாட்டை எடுத்தோம். அதே பஸ், அதே திசை, ஆனால் திரையில் இப்போது வலமிருந்து இடமாகப் போகிறது. இரண்டையும் ஒட்டினேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நான் அங்கேயே நின்றவன், பஸ் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டு முடிந்ததும் முகம் மலர்ந்து, "பரவால்ல, திரும்பி வந்துட்டானே" என்றார்.

மூன்று மாத வேலை, பாட்டின் அர்த்தமே தலைகீழ். வண்டி போகும் கோட்டுக்கு ஒரே பக்கமாகவே கேமரா நிற்க வேண்டும் என்கிற 180 டிகிரி விதியெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. இடது பக்கம் வீடு, வலது பக்கம் பெங்களூரு என்று முதல் ஷாட் சொல்லிக்கொடுத்ததை அவர் ஒழுங்காக நம்பினார், தப்பு அவருடையது இல்லை. பிறகு கேமராவை நோக்கி நேரெதிரே வரும் பஸ் ஷாட் ஒன்றைத் தேடிப் பிடித்து இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். நேரே வரும் வண்டிக்கு இடமும் இல்லை வலமும் இல்லை, அதற்கப்புறம் எந்தப் பக்கம் போனாலும் கண் ஒத்துக்கொள்ளும். மறுபடி போட்டபோது அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

பர்கூரிலிருந்து ஒரு வாசகர்: கையில் அறுபதாயிரம் இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். உங்கள் போன் போதும், எடிட் செய்ய டாவின்சி ரிசால்வ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆடாத டிரைபாட் ஒன்று வாங்குங்கள். வெயிலைத் திருப்ப இரண்டு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, சில்லறைக் காசு. மீதிப் பணத்தில் இன்னும் இரண்டு நாள் படப்பிடிப்பு வையுங்கள். உச்சி வெயிலில் எல்லோரையும் தூங்கச் சொல்லிவிட்டுக் காலை எட்டு மணிக்குள்ளும் மாலை நாலரைக்கு மேலும் மட்டும் எடுங்கள். அந்தப் பாலக்கோட்டுத் தம்பிக்கும் இதே பதில்தான், அப்பா நிமிர்ந்து பார்க்கும் ஷாட் புட்டேஜில் இல்லையென்றால், மறுபடி மண்டிக்குப் போய் எடுத்து வரச் சொல்லுங்கள்.